கடைசிப் பெட்டி

எங்க அப்புச்சிக்கு, அதாவது அம்மாவோட அப்பாவுக்கு, நேத்துதான் காரியம் முடிஞ்சுது. 82 வயசு. 39 வருசம் ரயில்வே, அதுல பெரும்பகுதி ஈரோட்டுல கூட்ஸ் கார்டு, அதாவது சரக்கு வண்டிக் கடைசியில இருக்கற பிரேக் வேன்ல போறவரு.

துக்கம் கேக்க வந்தவங்க "டிரைவரா இருந்தாருங்களா?"ன்னுதான் கேட்டாங்க. இல்லைங்க, கார்டுன்னா "ஓ, கொடி காட்டறவரா"ன்னு முடிச்சுக்கிட்டாங்க. அந்த "ஓ" எனக்குச் சுருக்குன்னு பட்டது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

ரயில் பிரியர்கள் போடற வீடியோ நெறைய பாக்கறேன். இன்ஜின் வருது, ஆரன் அடிக்குது, ஏழெட்டுப் பெட்டி போனதும் வீடியோ முடிஞ்சிருது. அப்புச்சி என் போனை வாங்கிப் பார்த்துட்டு, "வண்டி முழுசா வந்துச்சா இல்லையான்னே தெரியலையே கண்ணு"ன்னு திருப்பிக் குடுத்துருவாரு.

அவரும் ரயில் பைத்தியம்தான். லீவு நாள்லயும் சாயங்காலம் காவேரிப் பாலத்துப் பக்கம் போய் நிப்பாரு. அம்மிச்சி திட்டாத நாளில்லை. சின்ன வயசுல என்னையும் கூட்டிட்டுப் போவாரு. நிலக்கரி வண்டி வந்தா பெட்டி எண்ணச் சொல்லுவாரு. 58 இருக்கும், நாப்பது தாண்டறதுக்குள்ள எனக்குக் கணக்கு தப்பிரும். அதுக்கு வைய மாட்டாரு. "கடைசில எல்வி போர்டு பாத்தியா?" அது ஒண்ணுதான் கேள்வி. இன்ஜின் என்ன நிறம்னுகூடக் கேட்டதில்லை.

எல்வின்னா லாஸ்ட் வெஹிக்கிள், இதுதான் கடைசிப் பெட்டின்னு காட்டற போர்டு. அது எதுக்குன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. நடுவழியில பெட்டிகளைச் சேக்கற கப்ளிங் அறுந்து பாதி வண்டி லைன்லயே நின்னுட்டா, ஸ்டேசனுக்கு வர்ற முன்பாதியைப் பார்த்து வண்டி வந்துருச்சுன்னு நெனைச்சு, பின்னால இன்னொண்ணை விட்டா என்ன ஆகும்? அதனால ஸ்டேசன் மாஸ்டர் கடைசிப் பெட்டியில எல்வி போர்டையோ, ராத்திரின்னா செவப்பு லாம்பையோ பார்த்த பின்னாடிதான் லைனை விடுவாரு. இப்ப பல எடத்துல தண்டவாளத்துல வெச்சிருக்கற ஆக்சில் கவுண்டர்ங்கற கருவி சக்கரத்தை எண்ணிச் சொல்லிருது.

கோயமுத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவுல இருக்கற வாளையார்க் காட்டுல ஒரு ராத்திரி இவரு வண்டி ரெண்டாப் பிரிஞ்சு நின்னுருக்கு. வேக்குவம் பிரேக் இருந்த பழைய காலம். பின்னால வண்டி எதாச்சும் வந்தா நிறுத்தறதுக்காக, செவப்பு லாம்பும் பட்டாசுமா பின்னால நடந்தாரு. பட்டாசுன்னா தண்டவாளத்துல கட்டறது, சக்கரம் ஏறினா வெடிக்கும். 600 மீட்டர்ல ஒண்ணு, 1200 மீட்டர்ல பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூணு. யானை நடமாடற எடம், தனியாளு. "பின்னால வேற வண்டி விடமாட்டாங்கன்னு தெரியுமல்ல அப்புச்சி?"ன்னு கேட்டேன். "தெரியும். தெரிஞ்சாலும் போகோணும்." அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல.

2024ல அதே லைன்ல மதுக்கரையில யானை வர்றதைக் கண்டுபிடிக்கக் கோபுரம் நட்டுக் கேமரா வெச்சாங்கன்னு பேப்பர்ல படிச்சுட்டு, "டிரைவருக்குச் சொல்லுவாங்க, பிரேக் வேனுக்கும் சொல்லுவாங்களா?"ன்னாரு. 2022ல கார்டுங்கற பேரை டிரெய்ன் மேனேஜர்னு மாத்தினப்ப சிரிச்ச சிரிப்பு இருக்கே! "மேனேஜரா? நான் ஏறுன வேன்ல லைட்டும் இல்ல, கக்கூசும் இல்ல." 2007ல சேலத்துக்குத் தனி ரயில்வே கோட்டம் வந்தப்ப ஊரே கொண்டாடுச்சு. இவரு மட்டும் "என் பென்சன் காயிதத்துல ஒலவக்கோடுன்னுதான் இருக்குது"ன்னு ஒதுங்கிக்கிட்டாரு. பாலக்காட்டுக் கோட்டத்தோட பழைய பேரு அது.

கடைசி சில வருசம் பாசஞ்சர் வண்டிக்குப் போட்டாங்க. பிரமோசன்தான், ஆனா பிடிக்கல. சனங்க ஏறி எறங்கறதைப் பாக்கவே நேரம் சரியாப் போயிருதாம்.

ஒருதடவை மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வண்டியில கூட்டிட்டுப் போனாரு. கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் கடிச்சதும் எல்லாரும் பின்னால தள்ளற நீராவி இன்ஜினை எட்டி எட்டிப் பாத்தாங்க. இவரு பாத்தது பெட்டிக்கு ஒருத்தரா வெளியே நின்ன பிரேக்மேனுங்களை. குன்னூர்ல எறங்கி அதுல ஒருத்தருக்கு டீ வாங்கிக் குடுத்து, அந்தக் கைப்பிரேக்கைப் பத்தியே பேசிட்டு நின்னாரு. நான் குளிர்ல நடுங்கிட்டு இருந்தேன்.

இப்பக் கூட்ஸ் வண்டிக் கடைசியில ஆளுக்குப் பதிலா ஒரு கருவியை மாட்டற பேச்சு இருக்குது. நான் எதிர்க்கலை. அந்த வேன்ல பத்துப் பன்னெண்டு மணி நேரம் தனியா ஒருத்தரை உக்கார வெக்கறது பாவம். ஆனா அங்க உக்காந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்சதை யாரும் இதுவரைக்கும் எழுதி வெச்ச மாதிரி தெரியலை. இன்ஜினுக்கு இருக்கற ரசிகர் கூட்டத்துல பத்துல ஒருத்தர் இந்தப் பக்கம் திரும்பினாக்கூடப் போதும்.

அப்புச்சியோட தகரப் பெட்டியில 11 நோட்டு இருக்குது. தேதி, வண்டி, பெட்டி எண்ணிக்கை, எங்க எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு எல்லாம் பென்சில்ல எழுதியிருக்காரு. மாமா பழைய பேப்பர் கடைக்குப் போடறேன்னாரு, சண்டை போட்டு வாங்கிட்டு வந்துட்டேன். சில வரிக்குப் பக்கத்துல மட்டும் சின்னதா ஒரு வட்டம் போட்டிருக்குது. பெரும்பாலும் ராத்திரி வண்டி, அதுலயும் வாளையார்ப் பக்கம்தான் அதிகம். ஈரோடு, போத்தனூர்ப் பக்கம் பழைய கார்டுங்க யாராச்சும் உங்க வீட்டுல இருந்தா, அந்த வட்டம் என்னன்னு கேட்டுச் சொல்லுங்க.