எழினியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

என் மகளுக்கு எழினி என்று பெயர் வைத்து எட்டு மாதங்களாகின்றன. கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தவள் என்பதால் அ, இ, உ, எ ஆகியவற்றில் ஓர் எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று அம்மம்மா சொல்லிவிட்டார். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பிலேயே பெரிய யாழினி, சின்ன யாழினி என்று இருவர் இருப்பதால், அதிகம் புழங்காத பெயராக இருக்க வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். இரண்டுக்கும் பொருந்தி வந்தது எழினி.

பெயரைக் கேட்டவுடன் எல்லோரும் பொருள் கேட்கிறார்கள். எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்குக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூவகைத் திரைகள் சொல்லப்படுகின்றன. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியிருக்கிறார். ஆகவே சங்க காலத்தில் இது ஆண்களுக்கு வழங்கிய பெயர். யாழினி, மகிழினி என்ற வரிசையில் காதுக்கு இதமாக ஒலிப்பதால்தான் இன்று பெண் பிள்ளைகளுக்கு வைக்கிறோம் என்று நினைக்கிறேன். “சீலைத்துணியா பெயர்?” என்று சிரித்த நண்பர், அதியமான் வீட்டுப் பெயர் என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்.

சிக்கல் பொருளில் இல்லை, ஒலிப்பில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கனிமொழி என்பதை எழுதுவதுபோல, ழகரத்துக்கு ஸெட், எச் ஆகிய இரண்டு எழுத்துகளையும் போட்டுக் கிளினிக் கொப்பியில் மகளின் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். ஆறாம் மாதத் தடுப்பூசிக்குப் போன அன்று தாதி, “எஸ்ஹினி, எசினி” என்று இரண்டு முறை கூப்பிட்டார். யாரோ வெளிநாட்டுக் குழந்தையாக்கும் என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முறை போய்விட்டது. தாதியில் பிழையில்லை. சிங்களத்தில் ஸெட்டின் ஒலி இயல்பாக இல்லாததால் அது சகரமாகிவிடுகிறது. அதன் பக்கத்தில் நிற்கும் எச் எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மாதம் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ழகரத்துக்கு எல் என்ற ஒற்றை எழுத்தே போதும். நம்முடைய மொழியின் பெயரையே ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் முடிக்கிறோம். ஈழத்தையும் அப்படித்தான் எழுதுகிறோம். யாழ் என்பதற்கு ஆர், எல் இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கமும் நம்மிடம் உண்டு, ஆனால் அதை என் மகள் பெயரில் சேர்த்தால் இன்னொரு வேடிக்கையாக முடியும். ஆங்கில எழுத்தில் ழகரம் எப்படியும் சரியாக வரப்போவதில்லை. பிழையாகத்தான் கூப்பிடுவார்கள் என்றால், அந்தப் பிழை சகரத்துக்குப் போவதைவிட லகரத்துக்குப் போவது மேல். பக்கத்து வீட்டுக்குத் தவறிப் போன கடிதம் எப்படியும் கைக்கு வந்துவிடும்.

மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. எல் போட்டால் “எலினி” ஆகும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் “எலி” என்று பகிடி பண்ணுவார்கள் என்கிறார். நியாயமான பயம்தான். ஆனால் மேல்மாடிச் சிங்கள அன்ரி அதே ஒலிப்பைக் கேட்டுவிட்டு, “எளிய” என்றால் எங்கள் மொழியில் வெளிச்சம், நல்ல பெயர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தமிழரான நாம் மட்டும் சரியாகச் சொல்கிறோமா என்ன? வாழைப்பழத்தை வாளைப்பளம் ஆக்காத வீடு கொழும்பில் குறைவு. நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் அவசரத்தில் என் வாயிலும் “எளினி” என்றுதான் வருகிறது. தாதியைத் திருத்துவதற்கு முன்பு, காலையில் மகளை எழுப்பும்போது நாக்கைக் கொஞ்சம் வளைத்துப் பழகுகிறேன்.

நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்த அம்மம்மா இந்த வாதத்தில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவர் இன்றுவரை “குஞ்சு” என்றுதான் கூப்பிடுகிறார். பிள்ளை திரும்பிப் பார்ப்பதும் இப்போதைக்கு அதற்கு மட்டும்தான்.