கூலிங் குறைந்தால்தான் வாசனை தெரியும்

போன சனிக்கிழமை மதுரையிலிருந்து வந்த நண்பனை பெங்களூரு இந்திரா நகரில் இருக்கும் ஒரு மைக்ரோபிரூவரிக்குக் கூட்டிப்போனேன். பீர் காய்ச்சுவதும் அங்கேயே, குடிப்பதும் அங்கேயே. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளைவிட உயரமான எவர்சில்வர் தொட்டிகள். உட்கார்ந்ததும் அவன் கேட்டது, "மாப்ள, இதுல எது ஸ்ட்ராங்கு?" அடுத்தது, "நல்லா கூலிங்கா இருக்குமா?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் பீரைப் பற்றிக் கேட்க வாய்ப்பிருக்கும் கேள்விகளே இந்த இரண்டும்தான். 2003லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் இருப்பதைக் கொடுக்கிறார்கள். எந்தத் தானியம், எப்போது காய்ச்சியது என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது. இவ்வளவு நுணுக்கமாகச் செய்கிற ஒரு பானத்தை ருசி பார்க்காமலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்குகிறோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முழு கிளாஸ் வேண்டாம் என்று சொல்லி, மரத்தட்டில் நாலு சின்ன கிளாஸ் வாங்கினேன். முதலில் ஹெஃபெவைசன். ஜெர்மனியின் பவேரியா பக்கத்துக் கோதுமை பீர் இது. தானியத்தில் பாதிக்குக் குறையாமல் கோதுமை இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வடிகட்டாததால் கலங்கலாக, நீர் சேர்த்த மாம்பழச் சாறு மாதிரி இருந்தது. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை. நண்பன் ஒரே மடக்கில் பாதியைக் குடித்துவிட்டு, "தண்ணியா இருக்கே" என்றான்.

அப்படியே வை, பத்து நிமிஷம் கழித்துக் குடிக்கலாம் என்றேன். பேசிக்கொண்டிருந்தோம். கிளாஸில் வேர்த்திருந்த ஈரம் வழிந்து அடங்கியது. அப்புறம் மூக்கருகில் கொண்டுபோனவன் நிமிர்ந்து பார்த்து, "டேய், ரஸ்தாளி வாசனை அடிக்குது" என்றான். ஆமாம், பழுத்த வாழைப்பழ வாசனை. அதற்குப் பின்னால் மெல்ல ஒரு கிராம்பு. இரண்டையும் யாரும் உள்ளே போடவில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றும்போது கூடவே உண்டாக்குகிற பொருள்கள் அவை. வாழைப்பழத்தில் இருக்கும் ஐசோஅமைல் அசிடேட் என்ற அதே சேர்மம்தான் இந்த கிளாஸிலும் இருக்கிறது. தொட்டியின் சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் பழ வாசனை தூக்கலாகும். ஐஸ் மாதிரி குளிர்ந்த பீரில் இதெல்லாம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். சில்லென்று குடித்தே பழகிய நமக்குப் பீர் என்றால் கசப்பும் காற்றும் என்று மட்டும் தோன்றுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நாங்கள் ஆர்வமாகப் பேசுவதைப் பார்த்துக் காய்ச்சும் தம்பி உள்ளே கூட்டிப்போய் உள்ளங்கையில் கொஞ்சம் மால்ட் கொட்டினார். பார்லியை முளைகட்டி உலர்த்தியது. கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து லேசாக இனித்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை. இன்னொரு கையில் கருகும் அளவுக்கு வறுத்த பார்லி. ஸ்டவுட் என்கிற கறுப்பு பீருக்குக் காபி வாசனை வருவது இதனால்தான், அதில் காபிக்கொட்டை சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. தட்டில் இருந்த இன்னொரு வகை, கசப்பு தூக்கலான ஐபிஏ பீர், அவனுக்குப் பிடிக்கவில்லை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் ருசி பழகக் கொஞ்ச நாள் ஆகும், சரி.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் பார்க்க வேண்டும். அரிசிக் கூழை அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆற்றி, இடித்த முளையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்த கள் அதில் வருகிறது. தானியம், முளை, காத்திருப்பு. பீருக்கும் அடிப்படை அதுதானே! மரத்திலிருந்து காலையில் இறக்கி அன்றைக்கே குடிக்கும் தென்னங்கள்ளும் பனங்கள்ளும் 1987லிருந்து தமிழ்நாட்டில் தடை. புளிப்பும் இனிப்பும் மணிக்கு மணி மாறும் அந்த ருசி ஒரு தலைமுறைக்கே தெரியாமல் போய்விட்டது.

குடியால் நாசமான குடும்பங்களை நானும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஐந்து சதவீதத்தை ஒட்டிய பீரை ஒரு மணி நேரம் வைத்துப் பேசிக் குடிப்பதும், எட்டு சதவீத ஸ்ட்ராங் பாட்டிலை ரோட்டோரம் நின்று ஐந்து நிமிஷத்தில் காலி செய்வதும் ஒரே பழக்கம் கிடையாது. மாப்பிள்ளைச் சம்பாவிலும் கேழ்வரகிலும் பீர் காய்ச்ச ஆசைப்படும் சின்ன ஆட்களுக்குத் தமிழ்நாடு தாராளமாக உரிமம் தரவேண்டும் என்பது என் கருத்து. போதையை மட்டும் விற்கும் கடைகளைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யட்டும்.

பெங்களூரு பக்கம் வந்தால் கோதுமை பீரில் ஆரம்பியுங்கள். சின்ன கிளாஸ் கேளுங்கள். வந்ததும் தொடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, முதலில் மோந்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் வராதீர்கள். அன்றைக்கு நாங்கள் மெட்ரோவில்தான் திரும்பினோம். வழியெல்லாம் அவன் அந்த ரஸ்தாளி வாசனையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.