“அப்பவே பழக்கமா?”

ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு 49 வயது. நானும் அவரும் கடற்கரையில் சேர்ந்து நடப்பது வெளியே தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அப்பவே பழக்கமா?”

இல்லை. ஒரே பள்ளிக்கூடம், அவ்வளவுதான். அப்போது அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எதற்கெடுத்தாலும் கணக்குச் சொல்லும் பையன். இதைச் சொன்னால் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடுகிறது. முப்பது வருஷம் மனசுக்குள் பூட்டி வைத்த காதல் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்கள். ஏதோ பழைய பாக்கி, தீர்த்துக்கொள்கிறார்கள் என்று விட்டிருப்பார்கள். 48 வயதில் ஒருத்திக்குப் புதிதாக ஒருவரைப் பிடித்துப்போனது என்றால்தான் தொண்டையில் முள்.

பழைய காதல் திரும்பி வருவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் நினைவில் தூக்கலாக நிற்கும் என்று உளவியலில் பலமுறை சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். முதல்முறையாக நடப்பதெல்லாம் அந்த வயதில்தானே. சொந்த ஊருக்கே திரும்பிவிட்டால் கேட்கவே வேண்டாம், உப்புக்காற்று முகத்தில் அடித்ததும் பதினேழு வயசு வந்து நிற்கும். வந்த புதிதில் வேறொருவர் தினமும் எனக்குச் செய்தி அனுப்புவார். நான் சைக்கிளில் போனது, முக்கில் திரும்பும்போது மணி அடித்தது, எல்லாம் பழைய பேச்சு. நானும் ஒரு மாதம் மயங்கித்தான் கிடந்தேன். ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். ‘சரியாயிடும்’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் மறுபடியும் சைக்கிள். அவர் பேசிக்கொண்டிருந்தது என்னோடு இல்லை.

இவர் கேட்ட முதல் கேள்வி, “ராத்திரியில அம்மாவ யார் பாத்துக்குறாங்க?”

மூட்டுவலி, ரத்த அழுத்தம், பாக்கிக் கடன், தவறிப்போன அவர் மனைவி, நான் விட்டுவந்த கல்யாணம், எல்லாவற்றையும் முதல் பத்து நடைக்குள் பேசி முடித்துவிட்டோம். இருபது வயதில் இப்படிப் பேசியிருந்தால் காதல் தலைதெறிக்க ஓடியிருக்கும்.

என் முழங்காலுக்கு இறுகிய ஈரமணல்தான் ஒத்துக்கொள்ளும். தண்ணீர் வற்றும்போதுதான் அது கிடைக்கும். நிலவும் நகர்ந்துகொண்டே இருப்பதால் வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஆறு மணி என்றால் நாளை ஆறு ஐம்பது, மறுநாள் ஏழு நாற்பது. கணக்குப் பையன் அல்லவா! பிரியும்போது “நாளைக்கு வர்றீங்களா” என்று ஒருநாளும் கேட்டதில்லை. “ஆறு ஐம்பது” என்பார், போய்விடுவார். (வெகுநாள் ஊர்க்கண்ணுக்கு எங்கள் நேரம் பிடிபடாமல் இருந்ததும் இந்த நிலவு புண்ணியத்தில்தான்.)

உருப்படியாகக் கேட்டது என் மகள் ஒருத்திதான். “நீ படுத்துட்டா அவர் பாத்துப்பாரா? அவர் படுத்துட்டா நீ பாத்துப்பியாம்மா?” முதல் கேள்விக்கு உடனே தலையாட்டிவிட்டேன். இரண்டாவதற்கு இரண்டு நாள் ஆனது. ஒருவருக்குச் செய்து செய்தே ஓய்ந்துபோய் வெளியே வந்தவள் நான், மறுபடியுமா என்று இருந்தது. யோசித்துவிட்டுத்தான் “ம், பாத்துப்பேன்” என்றேன். அந்த இரண்டு நாளை அவரிடமும் மறைக்கவில்லை. “ரெண்டே நாள்தானா, எனக்கு ஒரு வாரம் ஆச்சு” என்றார்.

போன வாரம் தண்ணீர் வற்றும் நேரம் உச்சிவெயிலுக்குப் போய்விட்டது. சரி, இன்றைக்கு நடை இல்லை என்று வீட்டிலேயே இருந்தேன். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கைப்பேசியில் செய்தி வந்தது: ‘தண்ணி மேல வரைக்கும் ஏறியிருக்கு. நடக்க இடமே இல்ல. படிக்கட்டுல உக்காந்திருக்கேன்.’

அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.