நீதிமன்றம் சொன்னது வேறு
“ஸ்னோடன் கசியவிட்டது சட்டப்படி நடந்த கண்காணிப்பைத்தான், எந்த நீதிமன்றமும் அதைத் தவறென்று சொல்லவில்லை” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது உண்மையல்ல. எட்வர்ட் ஸ்னோடன், அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் (தேசியப் பாதுகாப்பு முகமை) ரகசிய ஆவணங்களை வெளியிட்ட முன்னாள் ஒப்பந்த ஊழியர்.

அமெரிக்கர்கள் யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார்கள் என்ற விவரங்களை என்.எஸ்.ஏ. மொத்தமாகத் திரட்டியது 2013 ஜூனில் வெளிவந்தது. அதற்கு, பயங்கரவாதத்தைத் தடுக்க 2001இல் கொண்டுவரப்பட்ட தேசப்பற்றுச் சட்டத்தின் (Patriot Act) 215ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று 2015 மே மாதம் நியூயார்க்கில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2020இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதம் என்றது.

ஸ்னோடன் எடுத்த ஆவணங்களில் வெளிநாட்டு உளவு பற்றியவையும் இருந்தன. அவற்றைக் கசியவிட்டது சரியா என்று தாராளமாக வாதிடுங்கள். ஆனால் மக்களுக்குத் தெரியாமல் நடந்த சட்டமீறலைச் சட்டப்படியானது என்று எழுதாதீர்கள்.