ஜனவரியில் தோற்ற அரையிறுதி

2025 மே 31 அன்று முனிச்சில் நடந்த ஐரோப்பிய கால்பந்து சாம்பியன்ஸ் லீக் இறுதியில், அரையிறுதியில் நம் ஆர்சனலை வெளியேற்றிய பாரிஸ் அணி பிஎஸ்ஜி, இத்தாலியின் இன்டரை 5-0 என்று துவைத்தெடுத்தது. அந்த இரவிலிருந்து ஆர்சனல் ரசிகர்கள் பலருக்கு ஓர் ஆறுதல் கிடைத்துவிட்டது. “பாத்தியா, சாம்பியன்கிட்டதான் தோத்தோம். இன்டர் ஒரே மேட்ச்ல அஞ்சு வாங்கிச்சு. நாம ரெண்டு மேட்ச்லயும் சேத்து மூணுதான்.”

இந்த ஆறுதல் என் மனசில் ஒட்டவே இல்லை. அதே பிஎஸ்ஜியை 2024 அக்டோபர் 1 அன்று, லீக் சுற்றில், நம் மைதானமான எமிரேட்ஸில் 2-0 என்று ஜெயித்தவர்கள் நாம். ஹாவர்ட்ஸ் தலையால் முட்டி ஒன்று, சாகாவின் ஃப்ரீ கிக்கில் ஒன்று. அந்தச் சுற்று முடிந்தபோது நாம் 3-வது இடம், அவர்கள் 15-வது இடம். ஏழு மாதத்தில் இது எப்படித் தலைகீழானது? நாம் சண்டை போட வேண்டியது இதைப் பற்றித்தான்.

அக்டோபரில் வந்த பிஎஸ்ஜியில் முன்கள வீரர் டெம்பெலே இல்லை. ஒழுங்குப் பிரச்சினை என்று பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே அவரைப் பாரிஸிலேயே விட்டுவிட்டு வந்தார். பிறகு அதே ஆளை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். ஜனவரியில் நாப்போலியிடமிருந்து சுமார் 7 கோடி யூரோ கொடுத்து இடதுபக்க முன்கள வீரர் க்வாரட்ஸ்கெலியாவை வாங்கினார்கள். அதன்பிறகு பிரெஸ்டை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 10-0, ஆன்ஃபீல்டில் போய் பெனால்டியில் லிவர்பூலை வெளியேற்றியது என்று அந்த அணி வேறு அணியாகிவிட்டது.

அதே ஜனவரியில் நாம் என்ன செய்தோம்? நம் ஸ்ட்ரைக்கர் (முன்னால் நின்று கோல் அடிப்பவர்) ஜீசஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. வீரர்களை வாங்கும் சந்தை அப்போது திறந்துதான் இருந்தது. ஆஸ்டன் வில்லாவிடம் ஸ்ட்ரைக்கர் வாட்கின்ஸைக் கேட்டார்கள், வில்லா மறுத்தது, அத்தோடு விட்டுவிட்டார்கள். ஒரு ஆள்கூட வரவில்லை. சந்தை மூடியபிறகு பிப்ரவரியில் துபாய் பயிற்சி முகாமில், மிச்சமிருந்த ஸ்ட்ரைக்கர் ஹாவர்ட்ஸின் தொடைத் தசை கிழிந்தது. “அது துரதிர்ஷ்டம், யாரால தடுக்க முடியும்?” என்று கேட்கிறார்கள். ஹாவர்ட்ஸின் காயம் துரதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லீக், சாம்பியன்ஸ் லீக் இரண்டிலும் நிற்கும் அணி ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை நம்பி மே மாதம் வரை போகலாம் என்று முடிவெடுத்தது துரதிர்ஷ்டம் இல்லை. அது ஆபீஸில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

மெரினோ அந்தப் பள்ளத்தை எவ்வளவு தூரம் நிரப்பினார் என்பதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. மிட்ஃபீல்டர் அவர். காலிறுதியில் ஸ்ட்ரைக்கராக நின்று ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக எமிரேட்ஸில் மூன்றாவது கோலை அடித்தார். மாட்ரிட்டின் மைதானமான பெர்னபெயுவில் சாகாவின் கோலுக்குப் பந்து கொடுத்ததும் அவர்தான். எமிரேட்ஸின் அந்த 3-0 இரவை யோசித்தால் இப்போதும் சிலிர்க்கிறது. அதுவரை தன் வாழ்நாளில் நேரடி ஃப்ரீ கிக்கில் கோலே அடித்திராத நம் மிட்ஃபீல்டர் ரைஸ், மாட்ரிட் கோல்கீப்பர் கோர்ட்டுவாவுக்கு எதிராக 12 நிமிட இடைவெளியில் இரண்டு அடித்தார். இங்கே மணி இரவு ஒன்றரை தாண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், அவ்வளவு கத்தினேன்.

ஆனால் மெரினோவை முன்னால் நிறுத்தும் திட்டம் பின்னால் எல்லோரும் இருந்தால்தான் நிற்கும். மாட்ரிட்டில் வாங்கிய மஞ்சள் அட்டையால் மிட்ஃபீல்டர் பார்ட்டேவுக்கு அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் தடை. அங்கிருந்து வரிசையாகச் சரிந்தது. ரைஸ் கீழே இறங்கினார், மெரினோ திரும்ப நடுக்களத்துக்கு வந்தார், ட்ரோசார்ட் ஸ்ட்ரைக்கரானார். ஒருத்தர் இல்லாததால் மூன்று இடம் மாறியது. பின்னால் தடுப்பாட்டத்தில் கேப்ரியேலும் இல்லை. அவருக்குப் பதில் வந்த கிவியோர் தன் வேலையை நன்றாகவே செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 29, எமிரேட்ஸில் அந்த முதல் ஆட்டம், நாலாவது நிமிடம். டெம்பெலே நடுக்கோட்டுப் பக்கம் வரை இறங்கி வந்து பந்தை வாங்குகிறார். அவரை யார் பிடிப்பது என்று நம் ஆட்களுக்குள் முடிவாகவில்லை. சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) ஏறினால் பின்னால் இடம், ஏறாவிட்டால் நடுக்களத்தில் விட்டின்ஹா, நெவெஸ், ரூயிஸோடு டெம்பெலே நாலாவது ஆள். பந்து இடதுபக்கம் க்வாரட்ஸ்கெலியாவுக்குப் போகிறது, அவர் பின்னோக்கித் தள்ளுகிறார், ஓடிவந்த டெம்பெலே அடிக்கிறார், கம்பத்தின் உள்பக்கம் பட்டு கோல். அந்த ஆட்டத்தில் நமக்கு வேறு கோல் விழவில்லை என்பதால் இதை ‘ஒரு சறுக்கல்’ என்கிறார்கள். முதல் இருபது நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நம் மைதானத்தில் பந்து நம்மிடம் இல்லவே இல்லை. அதற்கப்புறம்தான் மீண்டோம். மெரினோ தலையால் அடித்தது ஆஃப்சைடு என்று ரத்தானது. மார்ட்டினெல்லியையும் ட்ரோசார்டையும் பிஎஸ்ஜி கோல்கீப்பர் டொன்னாரும்மா தடுத்தார். கடைசியில் பார்கோலா வெளியே அடித்ததும் ராமோஸின் பந்து மேல் கம்பத்தில் பட்டதும் நம் அதிர்ஷ்டம். 0-2, 0-3 ஆகியிருக்க வேண்டிய இரவு அது.

நம் பயிற்சியாளர் ஆர்டெட்டா பயந்து ஆடினார் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. இருந்த ஆட்களை வைத்து அவரால் முடிந்ததைச் செய்தார். ஆனால் ஜனவரியில் ஆள் எடுக்காத முடிவில் அவருக்கும் பங்கு உண்டு, அதிலிருந்து அவரைக் காப்பாற்ற மாட்டேன். பாரிஸில் நடந்த இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றபிறகு இந்தத் தொடரில் நம்மைவிடச் சிறந்த அணி இல்லை என்கிற தொனியில் அவர் பேசினார். வீரர்களைத் தாங்கிப் பிடிக்கவே அப்படிச் சொல்லியிருப்பார். எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு கூட்டம் எமிரேட்ஸ் ரசிகர்களைத் திட்டுகிறது. கோல் விழுந்ததும் வாயடைத்துப் போனார்களாம். டிவியில் பார்க்கும் நாம் அங்கே டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, வேலை முடிந்து ரயில் பிடித்து வருகிறவர்களை இப்படிச் சொல்லக் கூடாது. 2009-க்குப் பிறகு முதல் அரையிறுதி. அதற்கு நடுவே 2017-இல் பயர்னிடம் மொத்தமாக 10-2 வாங்கியதையும் பார்த்தவர்கள் அவர்கள். மாட்ரிட் இரவில் அதே அரங்கம் எப்படி அதிர்ந்தது என்று எல்லோரும் கேட்டோம். மைதானத்தில் நடப்பதுதான் கேலரியில் ஒலிக்கும். இருபது நிமிடம் பந்தைத் தொடவே முடியாத அணிக்கு எந்த ஊர்க் கூட்டமும் அப்படித்தான் இருக்கும்.

பாரிஸில் மே 7 அன்று நாம் ஆடிய முதல் கால்மணி நேரம் 2024-25 சீசனின் மிகச் சிறந்த கால்மணி நேரங்களில் ஒன்று. டொன்னாரும்மா மார்ட்டினெல்லியைத் தடுத்தார், ஓடகார்டைத் தடுத்தார். 27-வது நிமிடம் ஃபேபியன் ரூயிஸ் வெளியிலிருந்து அடித்தார், முடிந்தது. நம் கோல்கீப்பர் ராயா விட்டின்ஹாவின் பெனால்டியைப் பிடித்தும் அடுத்த சில நிமிடத்தில் ஹகிமி அடித்துவிட்டார். சாகா ஒன்று திருப்பினார், இன்னொரு வாய்ப்பில் பந்தைக் கம்பத்துக்கு மேலே தூக்கினார். அந்த ஒரு வாய்ப்புக்காக அவரைத் திட்டி எழுதியவர்களுக்குச் சொல்கிறேன்: தொடைத் தசை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பி வந்த ஆள் அவர். மாட்ரிட்டிலும் பாரிஸிலும் கோல் அடித்தவர். அவர் இல்லாமல் அரையிறுதியே இல்லை.

இந்த 2025 கோடையில் ஸ்ட்ரைக்கர் வருவார் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். வரட்டும், வேண்டும். ஆனால் அதோடு நின்றால் போதாது. சாகா பக்கம் மட்டும் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் எதிரணிக்கு வேலை பாதியாகிவிடுகிறது. நம் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரர் டிம்பரை க்வாரட்ஸ்கெலியா பாடுபடுத்தினாரே, அந்த மாதிரி எதிரே நிற்கும் ஆளை ஒண்டிக்கு ஒண்டி தாண்டிப் போகிற ஒருத்தர் நம் இடதுபக்கத்தில் வேண்டும். அவரை ஆகஸ்ட்டுக்குள் வாங்குங்கள். அடுத்த ஜனவரியில் யாருக்காவது முழங்கால் போனால், விலை அதிகம் என்று சும்மா இருக்காதீர்கள்.