ஊர்ப் பொது முட்டி

(நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். மாமனார், பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது வாய்க்கால் மதகின் ஷட்டரைத் திருகித் தண்ணீர் திறந்து மூடுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டர் திருகியே முட்டி தேய்ந்தது என்பது அவர் கட்சி. எடையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.)

மாமனார்: இன்றோடு எக்சர்சைஸுக்கு ஷட்டரை இறக்கியாச்சும்மா.

மருமகள்: ஏன் மாமா, வலிக்கிறதா?

மாமனார்: வலிக்கவில்லையே, அதுதானே வினை! கோடி வீட்டுப் பையன் நேற்று வந்து, "பெரியப்பா, மழை வருமா? நெல்லைக் காயப்போடலாமா?" என்றான். வலது முட்டியைத் தடவிப் பார்த்தேன். கம்மென்று இருந்தது. போடுடா என்றேன்.

மருமகள்: அப்புறம்?

மாமனார்: மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்துவிட்டது. 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினாலே கொள்முதல் நிலையத்தில் முகம் சுளிப்பார்கள். அவன் நெல்லைப் பிழிந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்.

மருமகள்: மழைக்கும் மூட்டு வலிக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய்ந்தவர்களே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். செல்போனில் பார்த்துச் சொல்லியிருக்கலாமே?

மாமனார்: செல்போன் ஆளாளுக்கு வைத்திருக்கிறான். என் முட்டியைக் கேட்டுத்தானே இத்தனை வருஷம் நெல் காய்ந்தது? பிசியோதெரபி என்று சொல்லி அதைக் கெடுத்துவிட்டாய். எனக்குப் பழைய வலி வேண்டும்.

மருமகள்: அது சுலபம் மாமா. தேய்ந்த குருத்தெலும்பு ஒன்றும் திரும்ப வளர்ந்துவிடவில்லை. தொடைச் சதை பலமாகி பாரத்தைத் தாங்குகிறது, அவ்வளவுதான். விட்டால் சதை இளைக்கும், வலி தானாக வரும்.

மாமனார்: வரட்டும். காலை நீட்டி ஓய்வாக உட்காருகிறேன்.

மருமகள்: உட்கார்ந்தே இருந்தால் இறுகித்தான் போகும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. கால் மடங்கி நிமிரும்போதுதான் மூட்டுத் திரவம் உள்ளே போய் ஊட்டம் கொடுக்கும். கடைமடை வயல் மாதிரி. ஷட்டரை இறக்கினால்...

மாமனார்: (பதறி) கடைமடைக்குத் தண்ணீர் விடாதவன் என்ற பேர் எனக்கு வேண்டாம்!

(லஸ்கரிடம் இதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது.)

மருமகள்: அப்படியானால் காலை நீட்டுங்கள். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. கீழே அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள்.

மாமனார்: ஒன்று... ஐந்து.

மருமகள்: நடுவில் இரண்டு, மூன்று, நான்கு எங்கே?

மாமனார்: வழியிலேயே மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டார்கள்.

மருமகள்: நாற்காலிக்கு வாங்க. கையை ஊன்றாமல் எழுந்து உட்காரணும், 10 முறை. அப்புறம், எடை 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் 4 கிலோ பாரம் குறையுமாம்.

மாமனார்: 1 கிலோவுக்கு 4 கிலோவா? கந்துவட்டியைவிட நல்ல வரும்படியாக இருக்கிறதே! சரி, ஒரு சமரசம். இடது முட்டிக்கு எக்சர்சைஸ் செய்கிறேன். வலது முட்டியை விட்டுவிடு. அது ஊர்ப் பொது.

மருமகள்: ஆகட்டும் மாமா. பொதுச் சொத்து என்றால் அதற்கு ஒத்தடம் கொடுப்பது, தைலம் தேய்ப்பது எல்லாம் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளட்டும்.

மாமனார்: பஞ்சாயத்தா? நம் தெரு விளக்கு போன தீபாவளிக்கு அணைந்தது. துண்டை எடும்மா, வலது காலையே முதலில் முடித்துவிடலாம்.