பாய் விரித்து உட்கார்ந்தது ஒரு குற்றமா?

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். இங்கிலாந்தில் ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் நம்மவர் குடும்பம் ஒன்று சாப்பிட உட்கார்ந்திருந்த அந்த ஏரிக்கரைப் படம் ஊரில் என் அக்கா இருக்கும் வாட்சப் குழு வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்த பிறகு முடியவில்லை. படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு குடும்பம், ஒரு பாய், ஒரு டிபன் கேரியர், பின்னால் தண்ணீர். அவ்வளவுதான். அதை முதலில் போட்ட உள்ளூர்க்காரர் எழுதியதைக்கூட விட்டுவிடுகிறேன். அதை வாங்கிக்கொண்டு வந்து நம் குழுக்களில் போட்டு, கீழே நம் ஆட்கள் எழுதியிருக்கிறார்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இவங்களால நம்ம மானம் போகுது." "லேக் டிஸ்ட்ரிக்ட் என்ன மெரினா பீச்சா?" "இவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்."

யாரிடம் மன்னிப்பு? எதற்கு?

அந்தக் குடும்பம் எந்தத் தவறும் செய்யவில்லை. பொதுமக்கள் உட்காரும் புல்தரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அடுப்பு மூட்டவில்லை. பாயின் ஓரத்தில் குப்பைக்கென்று ஒரு பை கட்டி வைத்திருப்பது படத்தைப் பெரிதாக்கினால் தெரிகிறது. அதே படத்தின் இடது மூலையில் இன்னொரு குடும்பம் கம்பளி விரித்து சாண்ட்விச் சாப்பிடுகிறது. அவர்களைப் பற்றி ஒரு கமென்ட்கூட இல்லை. ஒருவர் கண்ணிலும் அவர்கள் படவே இல்லையா?

"அந்த இடத்துக்குன்னு ஒரு அமைதி இருக்கு, அதை மதிக்கணும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் இந்தப் பேச்சுக்கு வயது என்ன தெரியுமா? அங்கே கெண்டல் ஊர்ப் பக்கத்திலிருந்து விண்டர்மியர் ஏரிக்கு ரயில் பாதை போடத் திட்டமிட்டபோது, கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1844இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும், இந்த அழகை ரசிப்பதற்கு மனம் பழகியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஏரிகளை அவரைவிட நேசித்தவர் யார்? அவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. 1847இல் ரயில் வந்தது. ஆலைகளில் வேலை செய்தவர்கள் வந்தார்கள், கரையில் உட்கார்ந்தார்கள், கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்கள். ஏரி அங்கேயேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் இன்னொரு மேட்டுப் பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டின் கதை இதைவிடக் கடுமையானது. கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலம் பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காக அடைத்து வைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி அதில் ஏறினார்கள். பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள். காவலாளிகளோடு கைகலப்பு, கைது, ஐந்து பேருக்குச் சிறை. தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் 1949இல்தான் வந்தது. பீக் டிஸ்ட்ரிக்டும் லேக் டிஸ்ட்ரிக்டும் 1951இல் தேசியப் பூங்காக்கள் ஆயின. "இது உங்களைப் போன்றவர்களுக்கான இடமில்லை" என்று சொல்லப்பட்டவர்கள் வாங்கிக்கொடுத்த உரிமை இது. அதில் உட்கார்ந்துகொண்டு, அதே வாக்கியத்தைத் தமிழில் நாம் நம்மவர்களிடமே சொல்கிறோம்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன், எப்படியும் வரப்போகிறீர்கள்.

குப்பை போடுகிறார்களே? போடுகிறவர்கள் எல்லா நிறத்திலும் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகப் பேசுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இந்தப் படத்தில் குப்பை இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பார்பெக்யூ தட்டுகளால் காய்ந்த புல்லும் புதரும் பற்றி எரிவது உண்மையான ஆபத்துதான். இவர்களிடம் இருந்தது டிபன் கேரியர். தண்ணீரில் இறங்குவது பற்றி ஒருவர் எச்சரித்திருந்தார். அது நியாயம், முழுமனதோடு ஏற்கிறேன். அந்த ஏரிகள் ஆழமானவை, வாஸ்ட்வாட்டர் கிட்டத்தட்ட 80 மீட்டர் ஆழம். வெயில் காலத்திலும் உள்ளே தண்ணீர் சில்லிட்டிருக்கும், நல்ல நீச்சல்காரருக்கும் மூச்சு அடைத்துவிடும். குழந்தைகளைத் தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். "சத்தமாகப் பேசுகிறார்கள்" என்பதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஒரு புகைப்படத்தில் உங்களுக்குச் சத்தம் எப்படிக் கேட்டது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், அம்மாதான் காரணம். அம்மா இங்கே வந்திருந்தபோது லேக் டிஸ்ட்ரிக்டில் டார்ன் ஹௌஸ் என்ற ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வயதானவர்கள் சிரமமில்லாமல் சுற்றி வரக்கூடிய பாதை அது. புடவை, ஷூ, மேலே என் கணவரின் ஜாக்கெட்டோடு அம்மா அழகாக நடந்தார். சாம்பல் உடம்பும் வெள்ளை முகமுமாக ஹெர்ட்விக் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முதுகில் வண்ணம் தீற்றியிருந்ததைப் பார்த்ததும், "யார் ஆடுன்னு தெரியறதுக்குப் போட்டிருக்காங்க" என்றார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் உட்கார்வதற்கு முன்னால் ஒவ்வொரு பெஞ்சிலும் கேட்டார்: "ஏண்டி, இங்க உக்காரலாமா? யாராச்சும் ஏதாவது சொல்லுவாங்களா?"

சொன்னார்கள். டப்பாவை இன்னும் திறக்கவில்லை. ஓர் அம்மாள் எங்கள் முன்னால் வந்து நின்று, காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, குப்பையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும், புரிகிறதா என்று கேட்டார். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களிடம் கேட்கவில்லை. "என்னடி சொல்றாங்க?" என்றார் அம்மா. வெயில் நல்லா அடிக்குதுன்னு சொல்றாங்கம்மா என்றேன். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் திரும்பி, "எலுமிச்சஞ் சாதம் கொஞ்சம் சாப்பிடறாங்களான்னு கேளு" என்றார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். "மானம் போகுது" என்று எழுதியவர்கள் தங்கள் அம்மாவை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்து யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், இயற்கை எழில், புனிதம் என்கிறார்கள். நாங்கள் போன அந்த டார்ன் ஹௌஸே 19ஆம் நூற்றாண்டில் அணை கட்டிச் சிறு குட்டைகளை ஒன்றாக்கி உண்டாக்கியது. செய்தவர் லீட்ஸ் நகரத்து ஆலை முதலாளிக் குடும்பத்துக்காரர். தெற்கே எங்கள் சர்ரே பக்கம் கிளேர்மான்ட் என்று ஏரியோடு கூடிய அருமையான தோட்டம் இருக்கிறது, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அந்த எஸ்டேட்டை 1760களின் கடைசியில் வாங்கி, பழைய மாளிகையை இடித்துப் புதிதாகக் கட்டச் சொன்னவர் யார்? ராபர்ட் கிளைவ். 1744இல் சென்னைக்குக் குமாஸ்தாவாக வந்து, 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பெயர் வாங்கி, வங்காளத்தில் பெரும் செல்வம் சேர்த்துக்கொண்டு திரும்பிய அதே கிளைவ். நான் வாலாஜாபேட்டைக்காரி. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஆற்காடு. அந்த ஏரிக்கரையில் நான் புளிசாதம் சாப்பிட்டால் யாருடைய மரியாதை குறைகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

பழைய கணக்கு பேசுகிறாள் என்பீர்கள். பேசாமல்? கிளைவ் வராமல் இருந்திருந்தாலும் அந்தக் குடும்பம் அங்கே உட்காரலாம். வரி கட்டுகிறார்கள், மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கிறார்கள் என்றெல்லாம்கூடச் சொல்லப்போவதில்லை. ஒரு வேலையும் இல்லாதவராக இருந்தாலும் உட்காரலாம்.

ஏரியின் மேல் அவ்வளவு அக்கறை என்றால் கோபப்பட வேறு விஷயம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒரே சம்பவத்தில் ஒரு கோடி லிட்டருக்கும் அதிகமான சுத்திகரிக்காத கழிவுநீர் விண்டர்மியருக்குள் போனதைப் பிபிசி வெளியே கொண்டுவந்தது. அந்தச் செய்தியை நம் குழுக்களில் எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்? நான் பகிர்ந்தேன், இரண்டு லைக் வந்தது.

இந்த நிலப்பரப்புகள் வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்துக்கான கிளப் போலப் பலருக்குத் தோன்றுகிறது என்று 2019இல் இங்கிலாந்து அரசு கேட்டு வாங்கிய ஆய்வறிக்கையிலேயே இருக்கிறது. அரசாங்கத்து அறிக்கைக்குப் புரிந்தது நமக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் நாம் ஓடிப்போய் வாசலில் காவல் நிற்கிறோம்.

என்னை நட்பிலிருந்து நீக்குகிறவர்கள் நீக்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் போங்கள். நீங்கள் பகிர்ந்த படத்தில் அந்தக் குடும்பத்துக் குழந்தைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும். இன்று இரவுக்குள் அதை எடுங்கள்.